சென்னியப்பன் போட்ட காலேஜ் கணக்கு

சென்னியப்பன் வாயிலிருந்து ஒரு கூலி வந்துவிட்டால் வந்ததுதான். அதற்குப் பிறகு கரண்ட் நின்றாலும், மெஷின் பாதியில் மக்கர் செய்தாலும், ஆள் வராமல் அவரே இரண்டு மெஷினுக்கும் நடுவில் ஓடித் திண்டாடினாலும் ஒரு பைசா கூட்டிக் கேட்டது கிடையாது. இதனால் திருப்பூர் ராயபுரத்தில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. அவர் மனைவி பழனியம்மாளுக்குத் தலைவலி இருந்தது.

அவர் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்த காரியம் புரியாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மெஷின் இரண்டு. பனியன் கம்பெனிக்காரருக்குத் தொழிலில் 'பார்ட்டி' என்று பெயர். பார்ட்டி நூலைக் கொண்டுவந்து எடைபோட்டு இறக்குவார். சென்னியப்பன் அதைத் துணியாக ஓட்டித் திரும்ப எடைபோட்டுக் கொடுப்பார். கிலோவுக்கு இத்தனை என்று கூலி. நூல் பார்ட்டியுடையது. துணியைச் சலவைக்கு அனுப்புவது, வெட்டுவது, தைப்பது, அட்டைப்பெட்டியில் அடுக்கி ஊர் ஊராக அனுப்புவது எல்லாம் பார்ட்டியின் பாடு. நூல் என்ன விலைக்கு வாங்கினார்கள், பனியன் என்ன விலைக்குப் போனது என்று சென்னியப்பன் கேட்டதே இல்லை.

மங்கலத்தில் கைத்தறி நெய்த குடும்பம் அவருடையது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தார். அப்போதெல்லாம் மெஷினைக் கையால்தான் சுற்ற வேண்டும். சுற்றிச் சுற்றித் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியே போய்விட்டது. பிறகு கம்பெனியார் புது மெஷின் வாங்கியபோது, மூலையில் கிடந்த பழையதை இவர் தவணையில் எடுத்துக்கொண்டார். கல்யாணமான பிறகு இன்னொன்று. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவார். மற்ற நாளெல்லாம் கொட்டகையில்தான்.

1964இல் அவர் ஒரே மகள் சாரதாமணி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். கணக்கில் தொண்ணூற்றுக்கு மேல். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. படிக்க இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் சென்னியப்பனுக்கு மச்சான் முறையான கந்தவேல் தன் மகனுக்கு அவளைக் கேட்டு ஏற்கனவே இரண்டு முறை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார். "காலேஜுல சேந்துட்டா சரி. இல்லாட்டித் தையில முடிச்சுப் போடலாம்" என்று சென்னியப்பனே அவரிடம் சொல்லியிருந்தார். இந்த வருஷம் சேரவில்லை என்றால் அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சாரதாமணிக்கு அது நன்றாகத் தெரியும்.

"எத்தனையாகும்?" என்று சென்னியப்பன் அதே தெருவில் குடியிருந்த ஈஸ்வரமூர்த்தி வாத்தியாரைக் கேட்டார்.

"முதல் டெர்முக்கு பீஸ் அறுபது ரூபாய்க்குள்ள வரும்" என்றார் வாத்தியார்.

சென்னியப்பன் கண்ணை மூடினார். மூன்று டெர்ம். இத்தனை கிலோ துணி. இராத்திரி எட்டு மணிவரை மெஷின் ஓட்டினால் போதும். கண்ணைத் திறந்தார்.

"ஆகட்டும். சேத்திப்போடலாம்."

அன்று மாலையே டீக்கடையில் நாலு பேரிடம் தொகையைச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் எல்லாரும் "பரவால்லியே, அத்தனைதானா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். அவர்கள் வீட்டிலும் யாரும் காலேஜுக்குப் போனதில்லை.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார்கள். கல்லூரி ஆபீசில் நீண்ட வரிசை. முறை வந்ததும் சென்னியப்பன் இடுப்புப் பையிலிருந்து அறுபது ரூபாயை எடுத்து, எண்ணி, கிளார்க்கின் முன்னால் வைத்தார். கிளார்க் அதைத் தொடவே இல்லை. ஒரு சீட்டை எழுதி நீட்டினார்.

"நூத்தி முப்பத்தெட்டு."

"அறுவதுன்னு சொன்னாங்களேங்க?"

"அது ட்யூஷன் பீஸ். ஸ்பெஷல் பீஸ் தனி. லைப்ரரி, லேபரட்டரி, விளையாட்டு, காஷன் டெபாசிட். எல்லாம் சேர்த்துதான்."

"காசன்னா என்னுங்க?"

"உங்க பொண்ணு லேபில ஏதாச்சும் உடைச்சா அதுல பிடிச்சுக்குவோம்."

"எம்பொண்ணு எதையும் ஒடைக்க மாட்டாளுங்க."

"உடைக்கலைன்னா படிப்பு முடிஞ்சு போறப்போ திருப்பிக் குடுத்திருவோம்."

"திருப்பிக் குடுக்கறதை எதுக்குங்க இப்ப வாங்கறீங்க?"

பின்னால் நின்ற பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். கிளார்க் சிரிக்கவில்லை. புத்தகப் பட்டியல் ஒன்றையும் எடுத்து மேலே வைத்தார்.

"இதுக்கும் சேத்தித்தானுங்களே நூத்தி முப்பத்தெட்டு?"

"புத்தகம் நீங்கதான் வாங்கணும். நோட்டு, பேனா, இன்ஸ்ட்ருமெண்ட் பாக்ஸ் எல்லாம் நீங்கதான். ஹாஸ்டல் வேணும்னா அந்த ஜன்னல்ல தனியா கேளுங்க."

சென்னியப்பன் முகம் சிவந்தது. "ஏனுங்க, ஒரு கூலி சொன்னா அதுல நிக்கோணுமா இல்லீங்களா? சொல்றப்ப ஒண்ணு, கையில வாங்கறப்ப ஒண்ணா? எங்கூர்ல இப்படிப் பேசுனா ஒரு பார்ட்டி வாசப்படி மிதிக்க மாட்டானுங்க!"

"பெரியவரே, வெள்ளிக்கிழமை கடைசி நாள். யோசிச்சு வாங்க. அடுத்தது யாரு?"

சென்னியப்பன் அறுபது ரூபாயைத் திரும்பப் பைக்குள் திணித்தார். "வா கண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதாக அவருக்கு எண்ணம். சாரதாமணி புத்தகப் பட்டியலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பஸ் அவிநாசியில் நின்றபோது, "சோடா குடிக்கறயா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்கப்பா. அதும் கணக்குல இல்லீங்களே."

அவருக்குச் சுருக்கென்றது. ஊர் வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் பழனியம்மாள் ஓட்டி முடித்த துணியை விரித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேத்தியாச்சுங்களா?"

"இல்லை."

"ஏனுங்க?"

சென்னியப்பன் சொன்னார். கிளார்க் பேசியதை ஒரு பங்கும் தான் பேசியதை இரண்டு பங்குமாகச் சொன்னார். பழனியம்மாள் துணியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். கடைசியில், "நூலு எங்கிருந்து வரும்னு நெனைச்சீங்க?" என்றாள்.

"எந்த நூலு?"

"புஸ்தகம், நோட்டு, போக்குவரத்து, மத்தியானச் சோறு. இதெல்லாம் எந்தப் பார்ட்டி கொண்டாந்து வாசல்ல எறக்குவான்னு நெனைச்சீங்க?"

அவர் இடுப்புப் பையை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

"இருவது வருசமா ஊரான் நூலை ஓட்டியே பழகிட்டீங்க. கூலியைத் தவிர ஒரு செலவு இருக்குங்கறதே மறந்து போச்சு. இந்த யாவாரத்துல பார்ட்டி நீங்கதானுங்க சாமி! காலேஜுக்காரன் கூலிக்கு ஓட்டறவன். நூலை நாமதான் கொண்டுபோய்ப் போடோணும்."

"அதைப் போறதுக்கு முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா? டீக்கடையிலதான் கேட்டீங்க!"

மறுநாள் காலை, கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் என்று அவர் வாத்தியார் வீட்டுக்குப் போனார். "என்னுங்க வாத்தியாரே, பீஸை மட்டும் சொல்லி என்னை அனுப்பிச்சுப்போட்டீங்களே?" என்றார்.

"நீங்க அதைத்தானே கேட்டீங்க?" என்றார் வாத்தியார் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அங்கேயும் இறக்க முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் நின்றுவிட்டது. மெஷின் நின்ற கொட்டகையில் ஆனிக் காற்று தகரத்தைத் தடதடவென்று தட்டியது. மூன்று பேரும் நூல் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். சாரதாமணி ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். சென்னியப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூலியோடு சரக்கும் சேர்த்து விலை போட உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சண்டை நடந்தது.

ஹாஸ்டல் கட்டணத்தை எழுதிய கையோடு கோடிட்டு அடித்தாயிற்று. அது அவர்கள் மூன்று பேரும் வீட்டில் சாப்பிடும் செலவைவிட அதிகம். புத்தகங்களைப் பக்கத்துத் தெரு மருதம்மாள் மகளிடம் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், அவள் போன வருஷம்தான் பி.யூ.சி. முடித்தாள் என்றாள் சாரதாமணி. இரண்டு புத்தகம் மட்டும் மாறியிருக்கிறதாம். "ஒரு வருசத்துல கணக்கு மாறிப்போச்சா? ரெண்டும் ரெண்டும் நாலு இப்ப இல்லியா?" என்று சென்னியப்பன் கத்தினார். அந்த இரண்டும் இங்கிலீஷ் புத்தகம் என்று அவள் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

"துணிமணி வேண்டாம். இருக்கற பாவாடை தாவணி போதும்."

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு கிழிஞ்சிருக்குது" என்றாள் பழனியம்மாள். "ஊருக்கெல்லாம் துணி ஓட்டறவரு புள்ளை கிழிசல்ல போகுமாக்கு?"

"சரி, எழுது. மத்தியானச் சோறு ஊட்டுல இருந்து போயிரும். செலவில்லை."

"ஏனுங்க, அரிசி வானத்துல இருந்தா விழுகுது?"

"அதையும் எழுது! தண்ணி குடிக்கறதையும் எழுது! மூச்சு உடறதுக்கு எத்தனைன்னு அந்த கிளார்க்கைக் கேட்டு அதையும் எழுது!"

சாரதாமணி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே போனாள். கடைசியாக ரயில் வந்தது. காலைப் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்ப வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்குச் சலுகை விலையில் மூன்று மாத சீசன் டிக்கெட் உண்டு. அந்தத் தொகையைப் பார்த்து முதல்முறையாக சென்னியப்பனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

"இது நாயம். எனக்கும் ஒண்ணு எழுதிக்க."

"உங்களுக்கு எதுக்குங்கப்பா?"

"எதுக்கா? பொட்டப்புள்ளையை ரயில்ல தனியா அனுப்பிச்சுப்போட்டு நான் இங்க பனியன் ஓட்டறதா? காத்தால கொண்டுபோய் உடுவேன். அங்கியே எங்கியாச்சும் உக்காந்திருந்து, சாயந்தரம் கூட்டியாருவேன்."

"வருசம் முச்சூடுமா?" என்றாள் பழனியம்மாள்.

"வருசம் முச்சூடும்."

பழனியம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். சாரதாமணி எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"அப்பா, இதை ஒரு ஆர்டர்னு வெச்சுக்கங்க. ஒரு ஆள் தினமும் ஒரு பொண்ணைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கூட்டியாரோணும். மெசினுக்கு வேற ஆள் போடோணும். இதுக்கு என்ன கூலி சொல்வீங்க?"

கணக்குக் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. கண்ணை மூடினார். அவருக்குச் சலுகை இல்லை, முழு டிக்கெட். வெளியே சாப்பாடு. ஆள் கூலி ஒரு மெஷினுக்குத்தான் கட்டும், இன்னொன்று நிற்கும். நின்ற மெஷினில் ஓடாத துணி. விரல்களை மடித்து மடித்து எண்ணினார்.

"எத்தனை வருதுங்க?" என்று பழனியம்மாள் கேட்டாள்.

"அது வருது" என்றார்.

"காலேஜைவிட எச்சாவா, கம்மியா?"

அவர் எழுந்து மெஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். கரண்டே இல்லாத நேரத்தில் எண்ணெய் விட்டார். ஹாஸ்டல், புத்தகம், தாவணி, அரிசி எல்லாவற்றையும்விட அந்தத் தாளில் பெரிய செலவு அவர்தான். அவரை அடித்தால் மகள் காலேஜுக்குப் போகலாம். அடிக்காவிட்டால் தையில் கந்தவேல் வீட்டுக்குப் போவாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனார். காலைப் பாசஞ்சருக்கு ஒரு கூட்டம் நின்றது. மில்லுக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டுக்குக் கூடை கொண்டுபோகிறவர்கள், ஓரமாக நாலைந்து பெண்கள். கையில் புத்தகமும் டிபன் டப்பாவும் இருந்தன. சென்னியப்பன் துண்டைச் சரி செய்துகொண்டு அவர்களிடம் போனார்.

"ஏம்மா கண்ணு, காலேஜுக்கா போறீங்க?"

"ஆமாங்க."

"தொணைக்கு ஆரு வர்றாங்க?"

பெருமாநல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "நாங்களே அஞ்சு பேர் இருக்கறமுங்க. இன்னும் ரெண்டு பேரு சோமனூர்ல ஏறுவாங்க" என்றாள்.

"இல்லை, ஆம்பளைத் தொணை?"

"லேடீஸ் பெட்டிங்க அது. ஆம்பளைக ஏறுனா டி.டி.ஆர். எறக்கி உட்டுருவாருங்க."

"அப்ப உங்கப்பாரு எங்க உக்காருவாரு?"

"அவரு தோட்டத்துல உக்காந்திருப்பாருங்க."

அஞ்சு பேரும் சிரித்தார்கள். ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறிக் கதவை உள்ளே சாத்திக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கி ஏறினாலும் அவர் வேறு பெட்டியில் புகையிலைக் கூடைக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து, "என்ற டிக்கெட்டை அடிச்சுப்போடு" என்றார்.

"ஏனுங்க, நேத்து அத்தனை புடிவாதம் புடிச்சீங்க?" என்றாள் பழனியம்மாள்.

"அந்தப் பெட்டியில எடமில்லை."

அவரை அடித்த பிறகும் கணக்கு கொஞ்சம் இடித்தது. அன்று சாயங்காலம் பார்ட்டி பொங்கியண்ணன் புது நூல் இறக்க வந்தார். சென்னியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பழைய சரக்கு பழைய கூலிதானுங்க. சொன்னது சொன்னது. இந்தப் புது நூலுக்குக் கிலோவுக்கு அஞ்சு பைசா எச்சாங்க."

பொங்கியண்ணன் எடைத் தட்டிலிருந்து கையை எடுத்தார். "என்ன சென்னியப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"எம்பொண்ணு காலேஜுக்குப் போறாளுங்க."

"அதுக்கு எம்பட தலையிலயா கைய வெக்கறே?"

"வேற தலை எனக்கேதுங்க?"

பொங்கியண்ணன் திட்டினார். ஊரில் நிட்டிங் மெஷின் ஆயிரம் இருக்கிறது என்றார். நூலைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். ஏற்றப் போன ஆளை நிறுத்தினார். "மூணு பைசா. இதுக்கு மேல பேசாதே" என்றார். சென்னியப்பன் தலையாட்டினார். ஒரு கூலி சொல்லிவிட்டு அதற்குக் கீழே இறங்கியது அவருக்கு அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை நூற்று முப்பத்தெட்டு ரூபாயைக் கட்டினார். கிளார்க்குக்கு அவரை நினைவிருந்தது. "வாங்க பெரியவரே" என்றார். டெபாசிட்டுக்குத் தனி ரசீது வேண்டும் என்று சென்னியப்பன் பிடிவாதம் பிடித்தார். அப்படியெல்லாம் தருவதில்லை என்றார் கிளார்க். "திருப்பிக் குடுக்கறதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அப்ப அது என்ற பணமுங்க. என்ற பணத்துக்குச் சீட்டு வேணுமுங்க" என்று அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. சாரதாமணி வெட்கத்தில் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கடைசியில் கிளார்க் எழுதிக் கொடுத்துத் தொலைத்தார்.

பி.யூ.சி. வகுப்புகள் தொடங்கிய திங்கட்கிழமை காலையில் அவர் மகளோடு ஸ்டேஷன் வாசல்வரை நடந்தார். அந்தப் பெருமாநல்லூர்ப் பெண் கையசைத்தாள். சாரதாமணி, "நீங்க உள்ள வரலீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"பிளாட்பாரம் டிக்கெட் எழுதலையே. நீ போ கண்ணு."

அவள் உள்ளே போனாள். புதுத் தாவணி இன்னும் மடிப்புக் கலையாமல் விறைப்பாக இருந்தது. சென்னியப்பன் தண்டவாளத்து வேலியோரம் நடந்து ரயில்வே கேட் பக்கம் போய் நின்றார். அங்கே நிற்கக் காசில்லை. ரயில் வரவில்லை. கால் மணி ஆயிற்று, இன்னும் வரவில்லை.

"ஏப்பா, தினமும் இப்படித்தானா?" என்று கேட்காரரைக் கேட்டார்.

"சில நாளைக்கு இப்படித்தானுங்க."

"மூணு மாசத்துக் காசை மொதல்லயே வாங்கிப்போட்டு, நேரத்துக்கு ஓட்டறதுக்கென்ன? மொத மணி கிளாசு போயிட்டா அதுக்குக் கட்டுன பீஸை இவிங்க அப்பனா குடுப்பான்?"

"என்னையக் கேட்டா எனக்கென்னங்க தெரியும்?"

ரயில் வந்து நின்று கிளம்பியது. புகையும் சத்தமுமாகக் கேட்டைக் கடந்து போனது. பெண்கள் பெட்டி எது என்று கண்டுபிடிப்பதற்குள் நாலைந்து பெட்டிகள் போய்விட்டன. ஒரு ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. அது அவளுடையதா, வேறு யாருடையதா என்று தெரியவில்லை. அவர் எதற்கும் இருக்கட்டும் என்று தன் கையைத் தூக்கினார். பிறகு கேட்காரரிடம், "சாயந்தர வண்டியாச்சும் நேரத்துக்கு வருமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கொட்டகைக்கு நடந்தார். புது நூலை இன்னும் மெஷினில் ஏற்றவில்லை.